முகூர்த்தமும் கண்ணாடியும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் மலைப்பாதையில், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னே, உருண்டைக் கற்களின்மீது சலசலத்து இறங்கி வாமனபுரம் ஆற்றுக்கு நீர் கொண்டு செல்லும் ஒரு நதியும், அந்நதியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட கல்லாறு என்னும் சிற்றூரும் இருக்கின்றன. வனவைத்தியத்துக்காக 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற காணிக்காரப் பழங்குடிப் பெருமாட்டி லட்சுமிக்குட்டி அம்மாளின் ஊர் என்று நாடு இதனை அறியும். அண்மைக் காலத்தில், கல்யாணத்துக்கு முன்னோ பின்னோ ஆற்றங்கரையில் நின்று படம் எடுத்துக்கொள்ள விரும்பும் மணமக்களும், அவர்களை அழைத்து வரும் புகைப்படக் கலைஞர்களும் இவ்வூரை நன்கு அறிந்திருக்கிறார்கள். அக்கலைஞர்களின் தோளில் தொங்கும் கேமரா சில ஆண்டுகளுக்குள் உருமாறிவிட்டது; கண்ணாடி பொருத்திய டி.எஸ்.எல்.ஆர். போய், கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வந்திருக்கிறது. வியாபாரிகள் புதுப்புது மாடல்களை விற்பதற்காகச் செய்யும் மாறுதல்களில் ஒன்று என்று இதனைத் தள்ளிவிட என் மனம் இடந்தரவில்லை. இத்தொழிலின் நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரத்தோடு வைத்துப் பார்த்தால்தான் இதன் பொருள் விளங்கும்.

மலையாள நாட்டுக் கோயில் கல்யாணங்களைக் கண்டவர்களுக்கு, அவை எவ்வளவு விரைவில் முடிந்துவிடுகின்றன என்பது தெரியும். நாகஸ்வரமும் தவிலும் கெட்டிமேளமாக எழ, பெண்கள் குரவையிட, தாலி கட்டி, மாலை மாற்றி, புடவை கொடுத்துக் கைத்தலம் பற்றுவது யாவும் சில நிமிஷங்களில் நிறைவேறிவிடும். அவற்றுள்ளும் தாலி முடிச்சு விழுவது சில வினாடிகளே. அந்த க்ஷணத்தைப் பதிவு செய்வதற்கென்றே அழைக்கப்பட்ட மனிதன், அதைத் தன் யந்திரத்தின் வழியாக உண்மையில் கண்டானா என்பதே என் கேள்வி.

ஆதியில் அவன் காணவில்லை; காண வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீண்ட சுருளாக ஒட்டிச் சேர்த்தாரென்றால், கல் காத்திருக்கும் என்ற தைரியத்தால்தான் அது கைகூடிற்று. மனிதர்களும் அக்காலத்தில் கல்லைப் போலவே காத்திருக்க வேண்டியிருந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாக விழும் பிம்பத்தைச் சரிசெய்து, பிறகு அக்கண்ணாடி இருந்த இடத்தில் பிளேட்டைச் செருகிவிட்டால், அதற்குமேல் படமெடுப்பவனுக்குக் கேமராவின் வழியாக எதுவுமே தெரியாது. 1900-ஐ ஒட்டித் திருவிதாங்கூரின் காட்சிகளைப் படமெடுத்தவர் சக்கரியாஸ் டிக்ரூஸ். கர்சன் பிரபுவின் தொகுப்பைச் சேர்ந்த அவருடைய படங்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்து யந்திரத்துக்கு முகூர்த்த வேளை உரியதன்று. சடங்கெல்லாம் முடிந்த பின், நாற்காலி போட்டு, மூச்சை அடக்கி அமர்ந்திருக்கும் தம்பதிகளையே அதனால் பிடிக்க முடிந்தது.

1929-இல் ரோலைஃபிளெக்ஸ் என்னும் இரட்டை லென்ஸ் கேமரா தோன்றி, அதுவும் அதனைப் பின்பற்றிய யாஷிகா முதலியவையும் நம் ஊர் ஸ்டூடியோக்களுக்கு வந்து சேர்ந்தபோதுதான், யந்திரம் மணப்பந்தலுக்குள் காலடி வைத்தது. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படமெடுப்பதற்கு. ஒரு ரோலுக்கு 12 படங்கள். மார்பளவில் கேமராவைப் பிடித்துக் குனிந்து பார்த்த கலைஞனுக்கு, தாலி கட்டும் க்ஷணம் தெரிந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் அது இடவலம் மாறித் தெரிந்தது, படம் பிடிக்கும் கண்ணால் அன்றி அதற்கு அடுத்த கண்ணால் தெரிந்தது. பன்னிரண்டே படங்களைக் கொண்டு ஒரு கல்யாணத்தின் முக்கிய பாகத்தைக் கடக்க வேண்டியிருந்த அந்தத் தலைமுறையினரின் நிதானத்தின்மீது எனக்குள்ள மரியாதை பெரிது. 1959-இல் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ தொடங்கிய சிவன், பின்னர் ‘செம்மீன்’ திரைப்படத்துக்கு எடுத்த ஸ்டில்களாலும் பத்திரிகைப் படங்களாலும் கேரளமெங்கும் புகழ் பெற்றார். படமெடுப்பது ஒரு கலை என்ற கௌரவம் இந்நகரில் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

இனிக் கண்ணாடியின் கதைக்கு வருவோம். லென்ஸுக்குப் பின்னே சாய்வாக ஒரு கண்ணாடியை நிறுத்தி, வரும் ஒளியை மேலே திருப்பி, 1949-இல் கான்டாக்ஸ் எஸ் கேமராவில் வந்ததுபோன்ற ஐங்கோணப் பட்டகத்தின் வழியாக நேராகவும் இடவலம் மாறாமலும் கண்ணுக்குக் காட்டும் உபாயம், உண்மையிலேயே பேரறிவின் விளைவு. பார்க்கும் லென்ஸும் பிடிக்கும் லென்ஸும் ஒன்றாயின. ஆயினும் ஃபிலிமில் ஒளி விழ வேண்டுமானால் அந்தக் கண்ணாடி வழியை விட்டு விலகியாக வேண்டும். ஷட்டரை அழுத்தியதும் அது படாரென்று மேலே எழும்பும், வியூஃபைண்டர் இருண்டுவிடும். தொடக்க காலக் கேமராக்களில், அடுத்த படத்துக்காக ஃபிலிமைத் திருகும்வரை அந்த இருள் நீங்கவில்லை. 1954-இல் ஆசாஹிஃபிளெக்ஸின் புதிய மாடல் கண்ணாடியை உடனே கீழிறங்கச் செய்தது. 1959-இல் வந்த நிக்கான் எஃப் அம்முறையை உலகெங்கும் பரப்பியது. இருளின் காலம் சுருங்கியதே தவிர, இருள் ஒழியவில்லை. ஆகவே, பென்டாக்ஸ் கே1000 முதலாக நம் கல்யாணக் கூடங்களில் புழங்கிய, எஸ்.எல்.ஆர். எனப்படும் இக்கண்ணாடிக் கேமராக்கள் அனைத்திலும், ஆல்பத்தில் ஒட்டப்பட்டிருக்கும் அந்த க்ஷணத்தை மட்டும் எடுத்தவன் வியூஃபைண்டரில் கண்டதில்லை. அதற்கு முந்திய க்ஷணத்தையும் பிந்திய க்ஷணத்தையுமே அவன் கண்டான். இடையிலிருந்ததை அநுபவத்தால் ஊகித்தான். அவன் கண் மூடாதிருந்தும் யந்திரம் அவனுக்காக இமைத்துவிட்டது. இந்த ஊகத்தையே மூலதனமாகக் கொண்டு, ஒரு படமும் தவறாமல் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஆல்பம் கொடுத்தவர்களை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

1999-இல் நிக்கான் டி1, 2003-இல் கானன் 300டி என்று டிஜிட்டல் கேமராக்கள் வந்தபோது ஃபிலிம் மறைந்தது. டார்க் ரூம் மறைந்தது. உதகமண்டலத்து ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையும் ஓய்ந்தது. கண்ணாடி மட்டும் பரம்பரைச் சொத்தாக நிலைத்தது. 2008-இல் நிக்கான் டி90-உம் கானன் 5டி மார்க் 2-உம் வீடியோ எடுக்கத் தொடங்கியபோது, அதற்காகக் கண்ணாடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பின்திரையிலேயே பார்க்க வேண்டியிருந்தது. கண்ணாடி இன்றியும் காரியம் நடக்கும் என்பதற்கு அதுவே பிரத்தியட்சப் பிரமாணம். அதே ஆண்டில் பானசோனிக் ஜி1 கண்ணாடியை அடியோடு நீக்கி வெளிவந்தது.

கல்யாணக் கலைஞர்கள் உடனே மாறிவிடவில்லை. அவர்கள் தயங்கியதில் நியாயமும் இருந்தது. ஒரே பேட்டரியில் 1,230 படங்கள் எடுக்கும் என்று டி.எஸ்.எல்.ஆரான நிக்கான் டி750 அளவிடப்பட்டிருக்க, 2013-இல் வந்த மிரர்லெஸ் சோனி ஏ7 சுமார் 340 படங்களோடு நின்றது. விடியற்காலை பெண் வீட்டில் தொடங்கி இரவு வரவேற்பு வரை ஓட வேண்டியவனுக்கு இது சிறு விஷயமன்று. மின்திரையில் தெரியும் காட்சி கணநேரம் பிந்தியும், மங்கிய ஒளியில் புள்ளி புள்ளியாகவும் தெரிந்தது. 2017-இல் சோனி ஏ9 படமெடுக்கும்போதும் இருளாத வியூஃபைண்டரோடு வந்து, மறு ஆண்டில் கானனும் நிக்கானும் முழு அளவு சென்சாரோடு மிரர்லெஸ் கேமராக்களை வெளியிட்ட பிறகே காற்றுத் திசை மாறியது. கண்ணாடிக்கு இடம் விட வேண்டியதில்லையாதலால், லென்ஸ் பொருந்தும் விளிம்புக்கும் சென்சாருக்கும் இடையே கானனில் 44 மில்லிமீட்டராக இருந்த தூரம் 20-ஆகக் குறைந்தது. அந்த இடைவெளியில் அடாப்டரைப் பொருத்திப் பழைய லென்ஸ்களையே பயன்படுத்த முடிந்தது. கடன் வாங்கி லென்ஸ் வாங்கியவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை.

கல்லாற்றின் கரையில் இம்மாற்றத்தின் பயனைக் கண்கூடாகக் காணலாம். அடர்ந்த மரநிழலில் வெண்மையான கசவு வேஷ்டியும் சேலையும் உடுத்தி நிற்கும் மணமக்களைப் பழைய கேமராவில் எடுக்கும்போது, வெண்மை வெளிறிப் போகாமலும் முகம் கறுத்துப் போகாமலும் இருக்குமா என்பது எடுத்த பிறகுதான் தெரிய வரும். இப்போதோ எடுப்பதற்கு முன்பே வியூஃபைண்டர் அதைக் காட்டிவிடுகிறது. ஃபோகஸ் மணப்பெண்ணின் கண்ணைத் தானே தேடிப் பற்றிக்கொள்கிறது. பாதிரியார் ஜபிக்கும் தேவாலயத்திலும், மந்திரம் ஒலிக்கும் மண்டபத்திலும் கண்ணாடி அடிக்கும் ஓசை இல்லை.

அந்த மௌனத்துக்கும் ஒரு விலை உண்டு. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிசை வரிசையாக வாசிப்பதால், மின்சாரத்தின் துடிப்போடு துடிக்கும் எல்.ஈ.டி. அலங்கார விளக்குகளின் கீழ், படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுகின்றன. 2021-இல் வந்த நிக்கான் இசட்9 மெக்கானிக்கல் ஷட்டரையே விட்டொழிக்கும் அளவுக்கு வேகமாக வாசிக்கிறது. எளிய விலைக் கேமராக்களுக்கு அந்த வேகம் இன்னும் கைவரவில்லை. ஆகையால் அனுபவஸ்தர்கள் வரவேற்பு மேடையில் மெக்கானிக்கல் ஷட்டருக்கே திரும்பிவிடுகிறார்கள். மழைக்காலத்து ஈரத்தில் லென்ஸுக்குள் படரும் பூஞ்சணமோ பழையது புதியது என்று பார்ப்பதில்லை. அதற்குச் சிலிக்கா ஜெல் பொட்டலமும் உலர்பெட்டியும் முன்போலவே வேண்டியிருக்கின்றன. மாறியவர்களிலும் பலர் பழைய டி.எஸ்.எல்.ஆரை விற்றுவிடாமல், இரண்டாவது பாடியாகப் பையில் வைத்துக்கொண்டே மலையேறுகிறார்கள். உதவிக்கு வரும் இளைஞன் தொழில் பழகுவதும் பெரும்பாலும் அதில்தான்.