ஊத்ரியின் இரண்டு காப்புரிமைகள்

முந்தல் தாண்டி போடிமெட்டு ஏறும் பெட்ரோல் கார்களின் அடியில், புகைக்குழாயோடு சேர்ந்து ஒரு தகர டப்பா மாதிரி கருவி இருக்கும். ‘கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்’ என்பார்கள் மெக்கானிக்குகள். விஷப்புகையின் கடுமையைக் குறைத்து வெளியே விடுவது அதன் வேலை. அந்த டப்பாவுக்கும், டேங்கில் இருக்கும் பெட்ரோலுக்கும் வழி செய்தவர் ஒரே மனிதர்: எழேன் ஊத்ரி. ஆங்கிலத்தில் ஹூட்ரி என்கிறார்கள். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சில் அந்த ‘ஹ’ ஒலிக்காது.

1892-இல் பாரீஸ் அருகே தோமோன் என்ற ஊரில் பிறந்தார். முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் காயம்பட்டுப் பதக்கம் பெற்றவர். கார் பந்தயப் பிரியர் என்பதால் பெட்ரோலின் தரத்தில் அவருக்கு அக்கறை வந்தது.

கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்தால் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் போக அடியில் கெட்டி எண்ணெய் மிஞ்சும். அதைக் கடும் சூட்டில் உடைத்துக் கொஞ்சம் பெட்ரோல் எடுத்துவந்தார்கள். ஊத்ரி களிமண் வகை வினையூக்கி ஒன்றை வைத்து உடைத்தார். ஆனால் சில நிமிடங்களிலேயே கரி படிந்து அது செயலிழந்துவிடும். அவர் காற்றைச் செலுத்தி, அந்தக் கரியை அங்கேயே எரித்தார். வினையூக்கி மறுபடி உயிர் பெற்றது; எரிந்த சூடும் ஆலைக்கே பயன்பட்டது.

அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் அழைப்பில் 1930-இல் அங்கே போனார். 1937-இல் பென்சில்வேனியாவில் சன் ஆயில் கம்பெனி நாளொன்றுக்கு 15,000 பீப்பாய் கொள்ளளவில் அவர் முறையை நிறுவியது. பழைய முறையில் கால்வாசி கிடைத்த பெட்ரோல் ஏறக்குறைய பாதியாயிற்று. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்களுக்கு அது கை கொடுத்தது. ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசை எதிர்த்ததால், அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமையை அந்த அரசு பறித்தது.

கரியை எரித்து வினையூக்கியை மீட்கும் உத்தி இன்றும் நடப்பில் உள்ளது. நம் இந்தியன் ஆயில் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய ‘இண்ட்மேக்ஸ்’ முறை 2003-இல் குவாஹாத்தி ஆலையில் ஓடத் தொடங்கியது. கெட்டி எண்ணெயிலிருந்து சமையல் எரிவாயு அதிகம் எடுக்கும் முறை அது.

போருக்குப் பின் நகரத்துப் புகை ஊத்ரியை உறுத்தியது. 1956-இல் புகையைச் சுத்தம் செய்யும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அந்நாளைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் பட்டால் வினையூக்கி பாழ். 1962-இல் அவர் காலமானார். அமெரிக்கக் காப்புரிமையின் ஆயுள் அப்போது 17 ஆண்டு. 1973-இல் அதுவும் முடிந்தது. கன்வெர்ட்டர் பரவலாக வந்ததோ 1975 மாடல் கார்களில்! கோப்பு காலாவதியான பிறகு உத்தரவு வந்த கதைதான். ஏலச்செடி நட்டவர் மூன்றாம் வருடம் காய் பார்த்துவிடுவார். ஊத்ரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நம் நாட்டில் 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. 2000-இல் ஈயப் பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது.

அடுத்த தடவை புகைச் சான்றிதழ் எடுக்கப் போகும்போது, அந்த டப்பா எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லிப் பாருங்கள்.