வானவெளியும் அங்குலக் கணக்கும்

சிங்கப்பூரின் காலாங் விமான நிலையம் 1937ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பட்டபோது, தரையில் இறங்கும் விமானங்களோடு நீரில் இறங்கும் பறக்கும் படகுகளுக்கும் அங்கே வசதி செய்யப்பட்டிருந்தது. மறு ஆண்டில் இங்கிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும் இணைத்த ‘எம்பயர்’ வகைப் பறக்கும் படகுகள் சிங்கப்பூர் வழியே சென்றன. நான்கு இயந்திரங்கள் பூட்டிய அப்பெரும் ஊர்தியில் 24 பேருக்கு மேல் பயணிகள் இல்லை. அவர்கள் எழுந்து நடமாடினர். உலாவுமிடத்துச் சாளரத்தின் அருகே நின்று கடலையும் காட்டையும் கண்டு களித்தனர். இடம் தாராளமாக இருந்தது. கட்டணமோ செல்வர்க்கும் உயர் அதிகாரிகளுக்கும் மட்டுமே எட்டியது.

எளியோர்க்கும் வானம் எட்ட வேண்டுமாயின் ஒரே விமானத்தில் பலர் ஏற வேண்டும். 1952இல் அட்லாண்டிக் தடத்தில் சுற்றுலா வகுப்பும், 1958இல் அதனினும் மலிவான சிக்கன வகுப்பும் தோன்றின. இருக்கை வரிசைகள் நெருங்கின. எனினும் அந்நாளில் கட்டணத்தை நிறுவனங்கள் தம் விருப்பம்போல் குறைத்துவிட முடியாது. விலையில் போட்டியிட இயலாதவர்கள் வசதியில் போட்டியிட்டனர். 1970இல் போயிங் 747 பறக்கத் தொடங்கியபின், அமெரிக்க நிறுவனம் ஒன்று அதனுள் பியானோவையே வைத்தது!

1978இல் அமெரிக்கா கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் இயற்றியது. போட்டி விலைக்கு மாறியது. பியானோ இருந்த இடத்தில் நாற்காலிகள் முளைத்தன. முன்பு 34 அங்குலமாயிருந்த வரிசை இடைவெளி, சில நிறுவனங்களில் 28 அங்குலமாகச் சுருங்கியது.

மனிதர் தமக்கிடையே காக்கும் தொலைவை ஆராய்ந்த எட்வர்ட் ஹால் என்னும் அமெரிக்க அறிஞர், 18 அங்குலத்திற்குட்பட்ட எல்லையை மிக நெருங்கிய உறவினர்க்கே உரியதென 1966இல் எழுதினார். சிக்கன வகுப்பு இருக்கையின் அகலமோ 17 அல்லது 18 அங்குலம். தாய்க்கும் சேய்க்கும் உரிய நெருக்கத்தில் முன்பின் அறியாதவர் தோளோடு தோள் உரசிப் பல மணி நேரம் அமர்ந்திருக்கின்றனர். கைதாங்கிக்காக எழும் ஊமைப் போர் பண்புக் குறைவால் மட்டும் எழுவதன்று; அளவுக் குறைவாலும் எழுவது.

ஆபத்து நேர்ந்தால் பாதி வாயில்கள் வழியாகவே 90 விநாடிகளில் அனைவரும் வெளியேற முடியும் என்று விமானம் செய்வோர் மெய்ப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அமர்ந்திருப்பவனின் முழங்காலுக்கு எவ்வளவு இடம் என்பதற்கு அமெரிக்காவில் விதி இல்லாதிருந்தது. பாதுகாப்புக்கான குறைந்த அளவை வகுக்குமாறு அமெரிக்க நாடாளுமன்றம் 2018இல் கட்டளையிட்டது. காலக்கெடு கடந்தும் அளவு வகுக்கப்படவில்லை. உடனே வகுக்க ஆணையிடுமாறு பயணிகள் அமைப்பொன்று தொடுத்த வழக்கை 2023இல் நீதிமன்றம் ஏற்கவில்லை.

மலிவான கட்டணம் எளியோரை வானில் ஏற்றியது. அந்நன்மையைப் பழித்தல் தகாது. ஆனால் இருக்கையின் அளவைச் சந்தைக்கே விட்டுவிட்டால் அது சுருங்கிக்கொண்டே போகும் என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை. கட்டணம் குறையலாம், மனித உடலின் அளவு அதனோடு குறைவதில்லை. ஆகவே, இதற்குக் கீழ் இல்லை என்னும் எல்லையைச் சட்டமே வகுத்தல் வேண்டும்.