துணியிலிருந்து சுவருக்கு

சென்னைத் தெருக்களுக்கென்று ஓர் ஓவிய மரபு இருந்தது. கலை வரலாற்று நூல்கள் அதனைப் பெரிதும் பேசுவதில்லை. 1948இல் வெளிவந்த ஜெமினியின் 'சந்திரலேகா'வுக்குச் செய்யப்பட்ட பெரும் விளம்பரம் நாமறிந்ததே. பின்வந்த ஆண்டுகளில் அண்ணாசாலையின் பேனர்களும் கட்அவுட்களும் திரைப்பட வெளியீட்டின் அங்கமாகவே ஆயின. சிறு புகைப்படத்தின்மீது கட்டமிட்டு, அதனைத் துணியில் பன்மடங்கு பெருக்கி வரைவர். முகத்தில் இளஞ்சிவப்பும் நீலமும் பச்சையும் கலந்திருக்கும். அருகில் நின்றால் வெறும் தீற்றல்கள். சாலையின் மறுபுறம் சென்றால் உயிருள்ள முகம். இத்தொலைவுக் கணக்கை அவர்கள் ஆசானிடம் எடுபிடியாய் இருந்தே கற்றனர்.

2000க்குப் பின் ஃப்ளெக்ஸ் அச்சு பரவவே, இத்தொழில் நொடிந்தது. 2009இல் சுவரொட்டிகளைத் தடுக்க எண்ணிய மாநகராட்சி, அண்ணாசாலைச் சுவர்களில் பண்பாட்டுக் காட்சிகளைத் தீட்டச் செய்தபோது, பேனர் ஓவியர்களுக்கு மீண்டும் வேலை கிடைத்தது. 2020இல் கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் பேருருவ முகங்கள் எழுந்தன. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடிசைவாழ் மக்களைக் குடியமர்த்திய பகுதி அது.

இன்றைய சுவரோவியரின் பெயர் படத்தோடு பதிவாகிறது. பேனரின் மூலையிலோ பெரும்பாலும் கலைக்கூடத்தின் பெயரே இருந்தது. படம் மாறியதும் அத்துணிக்கு வெள்ளையடித்து மறுபடியும் வரைந்தனர். ஆகவே படைப்பும் எஞ்சவில்லை. எஞ்சியிருப்பது முதிய ஓவியர்களின் நினைவு ஒன்றே. அவர்தம் பெயர்களையும் தொழில்முறையையும் கேட்டு எழுதிவைத்தல் தமிழ் படித்த நமக்கும் உரிய கடமையாகும்.