படகுதான் வீடு, கடலோரம்தான் ரோடு... ஆனா டைம் சொல்றது கடல்!

காலையில் எழுந்து எட்டிப்பார்த்தால் கடல். காபியை முடித்துவிட்டு 'டிங்கி' எனும் குட்டிப் படகில் ஏறித் துடுப்புப் போட்டால், ஐந்தே நிமிடத்தில் ஆளில்லாத பீச். பாய்மரப் படகையே வீடாக்கி, நங்கூரம் போட்ட இடமெல்லாம் இறங்கிச் சுற்றுகிறவர்களின் வாழ்க்கை இது. அவர்களுக்கு ஏற்ற இடங்களில் ஒன்று, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வால்.

கடத்தல்காரர்களால் வந்த பாதை

மைன்ஹெட் ஊரில் தொடங்கி, கார்ன்வாலைச் சுற்றிக்கொண்டு பூல் துறைமுகம் வரை போகிறது 'சவுத் வெஸ்ட் கோஸ்ட் பாத்'. மொத்தம் 1,014 கி.மீ. டூரிஸ்ட்டுகளுக்காகப் போட்ட பாதை இல்லை இது. கடத்தல் சரக்கு இறங்குகிறதா என்று ஒவ்வொரு குடாவாக எட்டிப்பார்த்து, கடலோரக் காவலர்கள் நடந்து நடந்து உருவான தடம். அதனால்தான் பாதை கடலை விட்டு விலகாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முழங்கால் கெஞ்சும் மக்களே!

6 மணி நேரக் கணக்கு

சென்னையில் கடல் ஏறி இறங்கும் உயரம் 1 மீட்டரை ஒட்டித்தான். கார்ன்வாலின் ஃபால்மவுத்தில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அது கிட்டத்தட்ட 5 மீட்டர். தண்ணீர் ஏற 6 மணி நேரத்துக்குச் சற்று அதிகம், இறங்கவும் அவ்வளவே. இதில் 3-வது, 4-வது மணி நேரங்களில் மட்டும் பாதித் தண்ணீர் நகர்ந்துவிடும். 'மெதுவாத்தானே ஏறுது' என்று அசந்தால், மாட்டுவது இங்கேதான்.

தண்ணீர் வற்றியிருக்கும்போது டிங்கியைக் கரையோரம் விட்டுவிட்டு நடந்தால், திரும்புவதற்குள் அது மிதந்து போயிருக்கும். நிறைந்திருக்கும்போது விட்டுப்போனால், தண்ணீர் எங்கோ இருக்கும். டிங்கி மணலில் கிடக்கும். எப்படியானாலும் வீடு கண்ணெதிரே, போகத்தான் வழியில்லை!

கிளம்பும் முன்...

* அன்றைய டைடு டேபிளைப் பாருங்கள். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய கணக்கு இன்று உதவாது.

* டிங்கியைத் தண்ணீர் ஏறும் எல்லைக்கும் மேலே இழுத்துக் கட்டுங்கள். கரையில் காய்ந்த கடற்பாசி ஒதுங்கியிருக்கும் கோடுதான் அடையாளம்.

* ஒரு பீச்சிலிருந்து அடுத்த பீச்சுக்குப் பாறையடி வழியாகப் போகாதீர்கள். தண்ணீர் ஏறினால் முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது. மேலே இருக்கும் பாதைதான் பாதுகாப்பு.

* செயின்ட் மைக்கேல்ஸ் மவுன்ட் தீவுக்கு நடந்து போகும் கல்பாதை, கடல் வற்றும்போது மட்டுமே தெரியும். திரும்பும் நேரத்தையும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

* பாறைச் சரிவுக்குக் கீழே சிக்னல் கிடைக்காமல் போகலாம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆபத்தென்றால் 999-ஐ அழைத்து 'கோஸ்ட்கார்டு' எனக் கேளுங்கள்.

ஊர் சுற்ற அவசரம் வேண்டாம் பாஸ். கடல் வழிவிடும் நேரம் பார்த்து இறங்கினால், அன்றைக்கு முழு பீச்சும் உங்களுடையது!