மாஸ்கோ போகாத அணியும் மறக்காத ரசிகரும்

மாலை நேரத்தில் எந்த ஒட்டுக்கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். தொலைக்காட்சியில் மலேசிய அணி ஆடுகிறது என்றால், மூலை மேசையில் அறுபதைத் தாண்டிய ஒருவர் தே தாரிக்கை ஆறவிட்டு உட்கார்ந்திருப்பார். எதிரணி கோல் அடித்துவிட்டால் போதும். "ஆறுமுகம் நின்னிருந்தா இது உள்ள போயிருக்குமா?" என்று கேட்பார். பக்கத்து மேசை இளைஞர்கள் சிரித்துக்கொள்வார்கள். பெரியவர் விடமாட்டார். "எங்க காலத்துல..." என்று தொடங்கிவிடுவார்.

இந்த "எங்க காலத்துல" என்ற சொல்லைக் கேட்டதும் பலர் காதை மூடிக்கொள்கிறார்கள். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆசை என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. ஆனால் நம் நாட்டுக் காற்பந்தின் ஒரு முக்கியமான அத்தியாயம் இந்த ரசிகர்களின் வாயில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே அவர்களுடைய கருத்துகளைக் கொஞ்சம் நிறுத்துப் பார்ப்பது நல்லது.

"ஆசியாவில் நம்மை அசைக்க ஆளில்லை"

மூத்த ரசிகரின் முதல் கருத்து இதுதான். இதில் உண்மை நிறையவே இருக்கிறது. 1971-இல் சோல் நகரிலேயே தென்கொரியாவை 1-0 என்ற கணக்கில் வென்று, மலேசியா ஒலிம்பிக் வாய்ப்பைப் பெற்றது. 1972 மூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3-0 என்று தோற்கடித்தது. 1974-இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றது. தேசிய அணியின் தலைவராக விளங்கிய எம். சந்திரன், 'சூப்பர்மோக்' என்று ரசிகர்கள் கொண்டாடிய மொக்தார் டஹாரி, தற்காப்பின் தூணான சோ சின் ஆன், நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம் ஆகியோர் பெயர் பெற்ற காலம் அது.

ஆனால் நினைவு ஒரு சல்லடை. வெற்றிகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு தோல்விகளைக் கீழே விட்டுவிடும். அதே மூனிக் ஒலிம்பிக்கில் மேற்கு ஜெர்மனியிடம் 0-3, மொரோக்கோவிடம் 0-6 என்று நாம் தோற்றதைப் பெரியவர் சொல்வதில்லை. 1977-இல் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் 0-1 என்று தோற்றதும் அவர் கதையில் வராது. "இங்கிலாந்தையே கலங்கடிச்சவன் மொக்தார்" என்பார். 1978-இல் மெர்டேக்கா அரங்கில் மொக்தார் தனியாகப் பந்தை எடுத்துச் சென்று அடித்த அந்தக் கோல் உண்மையானது. எதிரில் நின்றது இங்கிலாந்தின் 'பி' அணி என்பதும், ஆட்டம் 1-1 என்று சமநிலையில் முடிந்தது என்பதும் உண்மையே. இதனால் மொக்தாரின் பெருமை குறைந்துவிடாது. முழுக் கணக்கையும் தெரிந்துகொண்டு பாராட்டினால் அந்தப் பாராட்டுக்கு மதிப்பு கூடும்.

"அப்ப யாரும் காசுக்கு ஆடல"

இது இரண்டாவது கருத்து. இதுவும் பாதி உண்மை. அக்காலத்து ஆட்டக்காரர்கள் பகலில் வேலைக்குப் போனவர்கள். அலுவலகம் முடிந்த பிறகு பயிற்சிக்கு வந்தவர்கள். நம் நாட்டுக் காற்பந்து 1989-இல்தான் பகுதிநேரத் தொழில்முறைக்கு மாறியது. 1994-இல் முழுத் தொழில்முறையானது. அதே 1994, 1995-ஆம் ஆண்டுகளில்தான் ஆட்டத்தை விற்ற ஊழல் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலர் தடை செய்யப்பட்டார்கள். மலேசியக் கிண்ணத்தை 1994-இல் வென்ற கையோடு சிங்கப்பூரும் விலகிக்கொண்டது. அரங்குகளில் கூட்டம் கரைந்தது. பெரியவருடைய கசப்பு அங்கே தொடங்குகிறது. அது நியாயமான கசப்பு.

ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். காசு வாங்காமல் ஆடினார்கள் என்று பார்வையாளர் பெருமைப்படுவது எளிது. கால் உடைந்தால் என்ன செய்வது, ஓய்வு பெற்ற பின் குடும்பத்தை எப்படி நடத்துவது என்ற கவலை ஆடியவருக்கு அல்லவா இருந்தது? விளையாட்டாளருக்கு உரிய ஊதியம் கிடைப்பது குற்றமில்லை. ஊதியத்துக்கு மேல் ஆசைப்பட்டதும், அதைக் கண்காணிக்காமல் விட்டதும்தான் குற்றம்.

ஏப்ரல் 6, 1980

மூத்த ரசிகர்களிடம் ஒரே ஒரு ஆட்டத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னால், பெரும்பாலோர் இந்த நாளுக்குத்தான் வருவார்கள். மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டம். இடம், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். எதிரணி மீண்டும் தென்கொரியா. ஆட்டம் 1-1 என்று இழுத்துக்கொண்டிருந்த கடைசிக் கட்டத்தில், சபாவின் ஹசான் சானி பந்தைக் கொடுக்க, அதே சபாவின் ஜேம்ஸ் வோங் வலைக்குள் அடித்தார். மலேசியா 2-1 என்று வென்றது. கோல் கம்பங்களுக்கு நடுவே ஆறுமுகம். அவருக்கு முன்னால் சோ சின் ஆன், சந்தோக் சிங். ஒரு தமிழர், ஒரு சீனர், ஒரு சீக்கியர், சபாக்காரர்கள் இருவர், மலாய்க்கார நண்பர்கள் என எல்லாரும் ஒரே அணியில் நின்றார்கள். 1969 மே கலவரம் நடந்து அப்போது பதினொரு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அந்தக் காயத்தைத் தெரிந்த தலைமுறைக்கு இந்த வெற்றி ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைச் சொல்லித்தான் புரிய வேண்டும் என்பதில்லை.

ஆனால் அந்த அணி மாஸ்கோ போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அதைக் கண்டித்து அமெரிக்கா ஒலிம்பிக் போட்டியைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் பங்கேற்கவில்லை. மலேசியாவும் அவற்றில் ஒன்று. நமது இடத்தில் ஈராக் சென்றது. காலிறுதி வரை முன்னேறியது. "நாம போயிருந்தா?" என்று பெரியவர் கேட்பதற்கு இதுவே காரணம். போயிருந்தால் பதக்கம் கிடைத்திருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அது வெறும் வீண் கேள்வியும் அல்ல.

இங்கேதான் நினைவு செய்த ஒரு சிறு பிழையைத் திருத்த வேண்டும். பலரும் இதை, வென்று முடித்த மகிழ்ச்சியில் இருந்தபோது புறக்கணிப்புச் செய்தி இடிபோல் விழுந்தது என்று சொல்கிறார்கள். வரலாற்றின் வரிசை வேறு. அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1980 ஜனவரியிலேயே சோவியத்துக்கு ஒரு மாதக் கெடு விதித்துவிட்டார். பிப்ரவரியில் அந்தக் கெடு முடிந்தது. படைகள் திரும்பவில்லை. ஆக, ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் பந்து உருண்டபோது மாஸ்கோ பயணத்தின் மீது ஏற்கெனவே கருமேகம் கவிந்திருந்தது. பயணம் நடக்குமா என்பதே உறுதியில்லாத நேரத்தில்தான் ஆட்டக்காரர்கள் அப்படி ஓடினார்கள். மக்களும் அப்படித் திரண்டு வந்தார்கள்.

இந்தத் திருத்தம் பெரியவருடைய கதையைச் சிறிதாக்கவில்லை. பயணச்சீட்டு நிச்சயம் என்று ஆடுவது ஒரு வகை. அது கைக்கு வருமா வராதா என்று தெரியாமலே முழு மூச்சாக ஆடுவது வேறு வகை.

மறுவாய்ப்பு வரவில்லை

அந்த வெற்றிக்குப் பிறகு மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்கில் கால் வைக்கவே இல்லை. ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 35. மொக்தார் 1991-இல் நோயால் 37 வயதில் மறைந்தார். தேசிய ஆட்டங்கள் 1998-இல் திறக்கப்பட்ட புக்கிட் ஜாலில் அரங்குக்கு மாறிவிட்டன. மெர்டேக்கா அரங்கம் இன்று வானளாவும் ஒரு கோபுரத்தின் நிழலில் நிற்கிறது.

தோட்டத் திடல்களும் போய்விட்டன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோது, லயத்துக்கு முன்னால் இருந்த திடலை யாரும் மூட்டை கட்டி எடுத்து வர முடியவில்லை. தேசிய அணியில் நம் பிள்ளைகளைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று பெரியவர் அங்கலாய்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நடுவில் ஒரு வெளிச்சம் வந்தது. 2010-இல் பயிற்றுநர் கே. ராஜகோபால் தலைமையில் மலேசிய அணி, இந்தோனேசியாவை மொத்தம் 4-2 என்று வென்று தென்கிழக்காசிய வெற்றியாளரானது. அன்றிரவு ஒட்டுக்கடை மூலை மேசையில் முதுமை தெரியவில்லை.

2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படம் 1980 வெற்றியை இளையவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அது நல்ல காரியம். ஆனால் அது கற்பனை கலந்த படம். அதில் வரும் கோல் காவலரின் பெயர் முத்து. நிஜத்தில் நின்றவர் ஆறுமுகம். படம் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியவர் தாத்தாதான்.

மூத்த ரசிகர் எண்களைத் தவறாகச் சொல்லலாம். சமநிலையை வெற்றி என்று நினைத்திருக்கலாம். எண்களைத் திருத்திக்கொள்ளப் பதிவேடுகள் இருக்கின்றன. அன்றைய அரங்கத்தில் பக்கத்தில் நின்றவர் யார், வானொலியைச் சுற்றி எத்தனை தலைகள் குனிந்திருந்தன, வெற்றிக்குப் பின் முன்பின் தெரியாதவரைக் கட்டிப் பிடித்தது எப்படி இருந்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவரிடம் மட்டுமே இருக்கிறது.

அடுத்த முறை "எங்க காலத்துல" என்று அவர் தொடங்கும்போது, கைப்பேசியைக் கீழே வைக்க வேண்டாம். அதிலேயே அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். தே தாரிக்கும் இன்னொன்று சொல்லிவிடுங்கள். ஆட்டம் முடிந்தாலும் அவர் பேச்சு முடிய நேரமாகும்.