முகமூடியும் சட்டமும்: கைது செய்பவர் யார் என்பதை அறியும் உரிமை

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆம் திகதி மாலை. ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள சோமர்வில் நகரில், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப்பட்ட மாணவியான துருக்கியப் பெண்ணொருவர், நண்பர்களோடு நோன்பு திறப்பதற்காக வீதியில் நடந்து சென்றுகொண்டிருந்தார். சாதாரண உடையில் வந்த சிலர் அவரைச் சூழ்ந்துகொண்டு, கைத்தொலைபேசியைப் பறித்து, கைவிலங்கிட்டு வாகனத்தில் ஏற்றிச் சென்றனர். முகங்களைத் துணியால் மறைத்திருந்த அவர்கள் கொள்ளையர்கள் அல்லர்; அமெரிக்க அரசின் குடிவரவுத்துறை உத்தியோகத்தர்கள். பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையில் காஸா விவகாரம் குறித்த கட்டுரையொன்றை மற்றவர்களுடன் இணைந்து எழுதியமை தவிர அம்மாணவி மீது குறிப்பிடத்தக்க வேறு குற்றச்சாட்டு எதுவும் பகிரங்கமாக முன்வைக்கப்படவில்லை. ஆறு வாரங்களின் பின்னர், மே 9ஆம் திகதி, நீதிமன்ற உத்தரவின் பேரில் அவர் விடுவிக்கப்பட்டார்.

பாதுகாப்புக் கமராவில் பதிவாகி உலகெங்கும் காண்பிக்கப்பட்ட அக்காட்சி, சனநாயக நாடொன்றில் முன்னர் பெரிதாக எழாத ஒரு கேள்வியை எழுப்பியது. கடமையிலிருக்கும் சட்ட அமுலாக்கல் உத்தியோகத்தர் தமது முகத்தை மறைக்கலாமா? அதே ஆண்டு ஜூன் மாதம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆரம்பமான பாரிய குடிவரவுச் சுற்றிவளைப்புகளில் முகமூடி அணிந்தோர் நாளாந்தக் காட்சியாக மாறியபோது, கலிபோர்னியா மாநிலம் அக்கேள்விக்குச் சட்டத்தின் மூலம் விடையளிக்க முற்பட்டது.

கலிபோர்னியாவின் இரு சட்டங்கள்

மாநில செனட்டர்களான ஸ்கொட் வீனர், ஜெசி அரெகின் ஆகியோர் கொண்டுவந்த சட்டமூலத்தில் ஆளுநர் கெவின் நியூசம் 2025 செப்டெம்பர் 20ஆம் திகதி கையெழுத்திட்டார். 'இரகசியப் பொலிஸ் வேண்டாம்' என்னும் பொருள்படும் பெயருடைய இச்சட்டம், கடமையில் இருக்கும்போது முகத்தை மறைக்கும் முகமூடிகளை அணிவதை உள்ளூர்ப் பொலிஸாருக்கும் சமஷ்டி அரசின் உத்தியோகத்தர்களுக்கும் தடை செய்தது. மருத்துவ முகக்கவசம், மோட்டார் சைக்கிள் தலைக்கவசம், நச்சுப் புகையிலிருந்து காக்கும் கவசம், முகம் தெரியக்கூடிய கண்ணாடிக் கவசம் என்பனவற்றுக்கும், மாறுவேடத்தில் உளவறிவோருக்கும் விசேட ஆயுதப் பிரிவினருக்கும் விதிவிலக்கு அளிக்கப்பட்டது.

இச்சட்டத்தின் உண்மையான வலு தண்டனைப் பிரிவில் மட்டும் அடங்கியிருக்கவில்லை. முகமூடி அணிந்த நிலையில் ஒருவரைத் தாக்கியோ, சட்டவிரோதமாகக் கைது செய்தோ, தடுத்துவைத்தோ தீங்கிழைக்கும் உத்தியோகத்தர், தமது பதவியின் பெயரால் வழமையாகக் கோரும் விடுபாட்டுரிமையை இழப்பார். பாதிக்கப்பட்டவருக்குக் குறைந்தபட்சம் 10,000 டொலர் நட்டஈடு செலுத்தும் பொறுப்பும் அவருக்கு உண்டாகும். அதாவது, 'அரசுக்காகச் செய்தேன்' எனக் கூறித் தப்ப விரும்புபவர் முதலில் தமது முகத்தைக் காட்ட வேண்டும் என்பதே சட்டத்தின் தர்க்கமாகும்.

இதனோடு நிறைவேற்றப்பட்ட மற்றொரு சட்டம், உத்தியோகத்தர்கள் தாம் சார்ந்த திணைக்களத்தின் பெயரையும், தமது பெயரை அல்லது இலக்கத்தையும் பார்வைக்குத் தெரியும்படி அணிய வேண்டுமென விதித்தது. முதலாவது சட்டம் முகத்தைப் பற்றியது. இரண்டாவது, பெயரையும் இலக்கத்தையும் பற்றியது. இந்த வேறுபாடு பின்னர் நீதிமன்றத்தில் முக்கியத்துவம் பெற்றது.

முகமூடியை நியாயப்படுத்துவோரின் வாதம்

சமஷ்டி அரசு முன்வைத்த வாதத்தை முற்றாகப் புறக்கணித்துவிட முடியாது. உத்தியோகத்தர்களின் படங்களும் வீட்டு முகவரிகளும் இணையத்தில் பரப்பப்படுகின்றன, குடும்பத்தினர் அச்சுறுத்தப்படுகின்றனர், குற்றக் கும்பல்கள் பழிவாங்கக்கூடும் என்பதே அவ்வாதமாகும். முகமொன்றைப் படம்பிடித்து ஆளை நொடிப்பொழுதில் கண்டறியும் தொழில்நுட்பம் வளர்ந்துள்ள காலத்தில் இவ்வச்சம் வெறும் கற்பனை அன்று.

ஆயினும், அதே முகமூடி மறுபுறத்தில் விளைவிக்கும் ஆபத்தும் கற்பனை அன்று. 2025 ஜூன் 14ஆம் திகதி அதிகாலையில் மினசோட்டா மாநிலத்தில், பொலிஸ்காரரைப் போன்று வேடமிட்டு, முகமூடி அணிந்து வந்த துப்பாக்கிதாரி ஒருவர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் மெலிசா ஹோர்ட்மனையும் அவரது கணவரையும் அவர்களது வீட்டிலேயே சுட்டுக்கொன்றார். முகமூடி அணிந்த பொலிஸாரைக் காண்பது வழமையாகிவிட்ட சமூகத்தில், பொலிஸ் வேடத்தில் வரும் கொலைகாரனை வேறுபடுத்தி அறிவது எவ்வாறு? கதவைத் தட்டுபவர் யாரென அறியாத குடிமகன் கீழ்ப்படிந்தாலும் ஆபத்து. தற்காப்புக்காக எதிர்த்தாலும் ஆபத்து. அந்நிலையில் நேர்மையான உத்தியோகத்தரின் உயிருக்கும் உத்தரவாதம் இல்லாது போகும்.

அமெரிக்க வரலாற்றில் முகமூடிக்கு ஒரு தனியான பொருளும் உண்டு. கறுப்பின மக்களை வேட்டையாடிய கு குளுக்ஸ் கிளான் அமைப்பினர் முகத்தை மூடியே இரவில் வந்தனர். மாறுவேடத்தில் சென்று பிறரது உரிமைகளைப் பறிப்பதை 1870ஆம் ஆண்டின் சமஷ்டிச் சட்டமொன்று குற்றமாக்கியது. அலபாமா 1949இலும், ஜோர்ஜியா 1951இலும் பகிரங்க இடங்களில் முகமூடி அணிவதைத் தடுக்கும் சட்டங்களை இயற்றின. பெயரற்ற வன்முறைக்குத் தண்டனை வழங்க முடியாது என்ற அனுபவமே அச்சட்டங்களுக்கு வித்திட்டது. அதே கருத்து இன்று அரசின் உத்தியோகத்தர் மீது திருப்பப்பட்டிருக்கின்றது.

நீதிமன்றம் கண்ட குறைபாடு

சமஷ்டி அரசு 2025 நவம்பரில் கலிபோர்னியாவின் இரு சட்டங்களுக்கும் எதிராக வழக்குத் தொடுத்தது. சமஷ்டி அரசின் கடமைகளை மாநிலங்கள் கட்டுப்படுத்தலாகாது என்பது அந்நாட்டின் நீண்டகாலக் கோட்பாடாகும். 1889இல் இதே கலிபோர்னியாவில், சமஷ்டி உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவருக்குக் காவலாகச் சென்ற டேவிட் நீகல் என்னும் உத்தியோகத்தர் ஒருவரைச் சுட்டுக்கொன்றபோது, மாநிலம் அவரைக் கொலைக் குற்றத்துக்காகக் கைது செய்தது. கடமையின் நிமித்தம் செய்த செயலுக்காக அவரை மாநிலம் விசாரிக்க முடியாதென உயர் நீதிமன்றம் 1890இல் தீர்ப்பளித்தது.

இப்பின்னணியில், லொஸ் ஏஞ்சலிஸ் சமஷ்டி நீதிபதி கிறிஸ்டினா ஸ்னைடர் 2026 பெப்ரவரியில் வழங்கிய தீர்ப்பு கவனத்துக்குரியது. முகமூடித் தடையைச் சமஷ்டி உத்தியோகத்தர் மீது அமுல்படுத்துவதற்கு அவர் இடைக்காலத் தடை விதித்தார். ஆனால், அதற்குக் காரணம் முகமூடியின்றிக் கடமையாற்ற முடியாது என்பதன்று. சட்டம் உள்ளூர்ப் பொலிஸாரையும் சமஷ்டி உத்தியோகத்தரையும் கட்டுப்படுத்திய அதேவேளை, கலிபோர்னியா மாநிலத்தின் சொந்தப் பொலிஸாருக்கு விலக்களித்திருந்தது. தன்னவர்க்கு ஒரு நீதி, பிறர்க்கு ஒரு நீதி என்னும் இப்பாரபட்சமே சட்டத்தை வீழ்த்தியது. பெயரை அல்லது இலக்கத்தை வெளிக்காட்டக் கோரும் இரண்டாவது சட்டம் எல்லோருக்கும் பொதுவானதாக இருந்தமையால், அத்தீர்ப்பு அதற்குத் தடை விதிக்கவில்லை. மாநிலப் பொலிஸாரையும் உள்ளடக்கும் வகையில் சட்டத்தைத் திருத்தப்போவதாக வீனர் உடனேயே அறிவித்தார். பிறரைக் கட்டுப்படுத்த எண்ணும் அரசு, தன்னையும் அதே விதிக்கு உட்படுத்தும்போது மட்டுமே அவ்விதிக்கு வலுவுண்டாகும் என்பதே இதன் பாடமாகும்.

ஐரோப்பாவும் இந்தியாவும் கண்ட வழி

உத்தியோகத்தரின் பாதுகாப்பையும் குடிமக்களின் உரிமையையும் ஒருங்கே காப்பது சாத்தியமற்றதன்று. பல்கேரியாவில் முகமூடி அணிந்த விசேட பொலிஸார் வீடொன்றினுள் நுழைந்து நடத்திய சோதனை தொடர்பான வழக்கில், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2011இல் ஒரு நடுவழியைக் காட்டியது. முகத்தை மறைக்க வேண்டிய நிர்ப்பந்தம் உண்மையிலேயே இருப்பின், அந்த உத்தியோகத்தர் ஓர் இலக்கத்தையோ எழுத்தையோ பார்வைக்குத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்பதே அது. முகம் மறைந்திருக்கலாம், பொறுப்பு மறையலாகாது. மியூனிக் நகரில் 2007இல் நடைபெற்ற உதைபந்தாட்டப் போட்டியின்போது தாம் தாக்கப்பட்டதாக முறையிட்டோரின் வழக்கில், தலைக்கவசம் அணிந்த பொலிஸாரிடம் தனிப்பட்ட அடையாளம் இல்லாமையால் ஏற்பட்ட விசாரணைக் குறைபாட்டுக்காக 2017இல் ஜேர்மனியையும் இந்நீதிமன்றம் தவறு கண்டது.

எமது அயல்நாடான இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் டி. கே. பாசு வழக்கில் வழங்கிய தீர்ப்பு, கைது செய்யும் பொலிஸார் தமது பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் அடையாளச் சின்னத்தை அணிய வேண்டுமெனக் கட்டளையிட்டது. பின்னர் அது அந்நாட்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் சேர்க்கப்பட்டது. தடுப்புக்காவல் மரணங்கள் தொடர்பான வழக்கிலேயே இக்கட்டளை பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது.

எமக்கு இது புதிதல்ல

இலங்கையில் தமிழ் பேசும் மக்களுக்கு முகமூடி பற்றி எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் சுற்றிவளைப்புகளின்போது வரிசையாக நிறுத்தப்பட்டவர்கள் முன் கொண்டுவரப்பட்ட 'தலையாட்டி'யின் முகம் துணியால் மூடப்பட்டிருந்தது. அந்தத் தலை ஒருமுறை அசைந்தால் ஓர் இளைஞனின் வாழ்வு முடிவுக்கு வந்தது. 1987 முதல் 1990 வரையான காலப்பகுதியில் தெற்கில் சிங்கள இளைஞர்களும் சாக்குப்பை அணிந்த 'கோணி பில்லா'வின் முன் நிறுத்தப்பட்டனர். இலக்கத்தகடற்ற வெள்ளை வான்கள் அதன் தொடர்ச்சியாயின.

கைது செய்பவர் தமது பெயரையும் பதவிநிலையையும் தெரிவிக்க வேண்டும், உறவினருக்குக் கைது தொடர்பான பத்திரம் வழங்க வேண்டும் எனப் படையினருக்கும் பொலிஸாருக்கும் 2006 ஜூலையில் சனாதிபதிப் பணிப்புரை விடுக்கப்பட்டது. எழுத்தில் அது நல்ல பணிப்புரையே. அதன் பின்னரும் மக்கள் காணாமற்போயினர். ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றம் சென்ற தாய்மார், தம் பிள்ளையைக் கொண்டு சென்றவர் எவரென்று பெயர் சொல்ல முடியாமல் தவித்தனர். பெயர் தெரியாவிடின் எதிர்மனுதாரர் இல்லை. எதிர்மனுதாரர் இல்லாவிடின் விடை சொல்வாரும் இல்லை. ஏனைய பாதுகாப்புகள் யாவும் இந்த ஒரு பெயரிலேயே தங்கியுள்ளன.

முகத்தை மறைப்பதற்கு எதிராக இந்நாடும் சட்டம் செய்ததுண்டு. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர், 2019 ஏப்ரல் 29 முதல் அவசரகால விதியின் கீழ் முகத்தை மூடுதல் தடை செய்யப்பட்டது. அதன் சுமையைத் தாங்கியோர் முஸ்லிம் பெண்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் ஹொங்கொங் அரசும் ஆர்ப்பாட்டக்காரர்களுக்கு முகமூடியைத் தடை செய்தது. கலகமடக்கும் பொலிஸாரோ முகத்தை மூடியே நின்றனர். குடிமக்களை அடையாளம் காணும் உரிமை அரசுக்கு உண்டெனில், அரசின் பெயரால் கைவைப்பவரை அடையாளம் காணும் உரிமை குடிமக்களுக்கு அதனினும் கூடுதலாக இருக்க வேண்டும்.

2022 ஏப்ரல் 5ஆம் திகதி, பாராளுமன்றத்துக்கு அருகே ஆர்ப்பாட்டம் நடைபெற்ற இடத்துக்கு, முகத்தை மறைத்து, துப்பாக்கி ஏந்தி, இலக்கத்தகடற்ற மோட்டார் சைக்கிள்களில் சிலர் வந்தபோது, கடமையிலிருந்த பொலிஸார் அவர்களை மறித்தனர். வந்தவர்கள் இராணுவத்தினர். அவர்களை மறித்த பொலிஸாரின் நடத்தையை விசாரிக்குமாறே அன்றைய இராணுவத் தளபதி பொலிஸ் மா அதிபரைக் கோரினார். முகமூடி அணிந்தவரிடம் 'நீ யார்?' எனக் கேட்பது இந்நாட்டில் பொலிஸாருக்குக்கூடக் குற்றமாகக் கருதப்பட்டதென்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

தேவைப்படுவது பணிப்புரையன்று, சட்டமாகும். பொலிஸார், இராணுவத்தினர், விசேட அதிரடிப் படையினர் என அனைவரையும் அது ஒரே விதமாகக் கட்டுப்படுத்த வேண்டும். முகத்தை மறைக்க நேரும் அரிதான சந்தர்ப்பங்கள் எழுத்தில் வரையறுக்கப்பட்டு, அப்போதும் இலக்கம் வெளியே தெரிய வேண்டும். மீறுபவரும், மீறுவதற்கு அனுமதித்த மேலதிகாரியும் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கப்பட வேண்டும். கலிபோர்னியாவின் சட்டம் பாதிவழியில் தடைப்பட்டிருக்கலாம். ஆனால் அது எழுப்பிய கேள்வியை, தம் பிள்ளைகளின் படங்களைக் கையிலேந்தி வீதியோரம் அமர்ந்த வடக்கு, கிழக்குத் தாய்மார் எப்போதோ எழுப்பிவிட்டனர். கொண்டு சென்றவர் யார் என்பதே அக்கேள்வி.