மந்தரக் குரலும் சொல்லின் உயிரும் : பாடகர் ஷாலியாப்பின் பயின்ற வரலாறு

இயலும் இசையும் கூத்தும் ஓர் அரங்கில் ஒன்றுகூடும் கலை ஐரோப்பியரின் ஓபரா. முத்தமிழ் என்னும் கருத்தில் வளர்ந்த நமக்கு அதன் அமைப்பு அந்நியமானதன்று. அக்கலையில் ஆண்குரல்களை உயர்ந்தது, இடைப்பட்டது, தாழ்ந்தது எனப் பகுத்து, முறையே டெனர், பாரிடோன், பாஸ் என வழங்குவர். காதலன் பாத்திரம் பெரும்பாலும் டெனருக்கு உரியது. அரசனும் குருவும் தந்தையும் சாத்தானும் பாஸ் குரலில் பாடுவர். மெலிவுத் தானத்தில் இயங்கும் இக்குரலுக்கு மதிப்பு உண்டு. ஆயினும் அரங்கின் நடுவிடம் அதற்கு அரிதாகவே வாய்த்தது. அந்த நடுவிடத்தைத் தன் குரலுக்கு உரிமையாக்கிக்கொண்டவர் ருஷியப் பாடகர் ஃபியோதர் ஷாலியாப்பின் (1873-1938).

இவரை இசைக்கல்லூரியின் வாயிலையே மிதிக்காத பிறவி மேதை என்று கூறி அமைவது எளிது. இசைக்கல்லூரியில் பயிலவில்லை என்பது உண்மை. பயிலவில்லை என்பது உண்மையன்று. யாரிடம், எதை, எவ்வாறு பயின்றார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் பயின்றவற்றுள் தலையாயது சொல்லைப் பற்றியது. ஆதலின் கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்தின் மலரில் இவ்வரலாறு இடம்பெறுவது பொருத்தமுடையது எனலாம்.

இளமையும் வறுமையும்

வால்கா நதிக்கரை நகரமான கசானில் 1873ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஷாலியாப்பின் பிறந்தார். குடியானவர் மரபில் வந்த தந்தை மாவட்ட ஆட்சிமன்ற அலுவலகத்தில் எழுத்தர். குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பவர். மகன் செருப்புத் தைப்பவரிடமும் மரம் கடைபவரிடமும் தொழில் பழக விடப்பட்டான். பின்னர் அலுவலகங்களில் படியெடுக்கும் வேலை பார்த்தான். அவனுக்கு இசைக் கல்வி தந்த முதற் பள்ளி தேவாலயம். அங்குள்ள பாடற்குழுவில் சிறுவர் குரலில் பாடி, இசைக்குறிகளைப் படிக்கக் கற்றான். ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் முதன்முறையாக நாடகம் கண்டான். அன்று முதல் அரங்கைவிட்டு அவன் மனம் மீளவில்லை.

1890இல் ஊஃபா நகரில் ஒரு சுற்றுக் குழுவின் கூட்டுப் பாடகராகச் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில், நோயுற்ற ஒரு பாடகருக்கு மாற்றாக, மோனியுஷ்கோவின் 'ஹல்கா'வில் சிறு பாத்திரம் ஒன்று கிடைத்தது. பதற்றத்தில் நாற்காலியில் அமர்வதாக எண்ணி அது இல்லாத இடத்தில் அமர்ந்து மேடையில் விழுந்தார். அதன் பின்பு மேடையில் அமருமுன் திரும்பிப் பார்க்கும் வழக்கம் தமக்கு ஏற்பட்டதாக அவரே எழுதியுள்ளார். அடுத்த ஆண்டுகளில் குழு மாறி, ஊர் மாறி, பாக்கு வழியாக திஃப்லிஸ் நகரை அடைந்தபோது அவரிடம் இருந்தவை பசியும் குரலும் மட்டுமே.

ஆசிரியர் ஊசாத்தவ்

திஃப்லிஸில் 1892இல் அவர் சந்தித்தவர் திமித்ரி ஊசாத்தவ். முன்னர் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் டெனராகப் பாடிப் புகழ்பெற்றவர். இளைஞரின் குரலைக் கேட்டு, ஊதியம் பெறாமல் கற்பிக்க இசைந்தார். உடுக்க உடையும், தம் வீட்டு மேசையில் உணவும் தந்தார். அந்த மேசையில் எப்படி உண்பது என்பதையும் சேர்த்தே கற்பித்தார்.

இப்பயிற்சியின் அடிப்படை மூச்சு. ஒலிவாங்கி இல்லாத அரங்கில், பெரிய வாத்தியக் குழுவைக் கடந்து கடைசி வரிசைவரை குரல் செல்லவேண்டும். அதனைக் கத்தி அடைய முடியாது. வாத்தியக் குழுவின் ஒலி நொடிக்கு 500 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் வலிமை மிக்கதாய், அதற்குமேல் படிப்படியாகத் தணிகிறது. பயின்ற ஆண்குரலோ 3,000 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் தன் ஆற்றலைத் திரட்டிக்கொள்கிறது என்பது பிற்கால ஒலியியல் ஆய்வு கண்ட உண்மை. பாஸ் பாடகனின் அடிச்சுரம் நொடிக்கு ஏறத்தாழ 80 அதிர்வுகள் கொண்டது. அவ்வளவு தாழ்ந்த ஒலியும் நம் காதை எட்டுவது மேலே திரளும் இந்த ஒளிர்வினால்தான். ஆசிரியர்கள் கேள்வியறிவால் இதனை முன்பே உணர்ந்து, குரலை மூச்சின்மேல் தாங்கி நிறுத்தப் பயிற்றினர். ஊசாத்தவ் மாணவனின் மார்பில் குத்தி, மூச்சைத் தாங்கு என்று அதட்டுவாராம்.

பாஸ் குரலுக்குரிய இடர் ஒன்று உண்டு. அது மெல்லவே முதிரும். முப்பதைக் கடந்த பின்னரே நிறைவெய்தும். இருபது வயது இளைஞன் முதியவனைப் போல் ஒலிக்க விரும்பித் தொண்டையை இறுக்கினால் குரல் கெடும். ஷாலியாப்பினின் குரல் பாஸ் வகையிலும் சற்று உயர்ந்து இனிதாய்ப் பாடும் இனத்தைச் சார்ந்தது. அதைச் செயற்கையாகக் கனமாக்காமல் காத்தது ஊசாத்தவின் பெருங்கொடை. மற்றொரு கொடையும் உண்டு. இத்தாலிய இசையின் இனிமையில் பிறர் மயங்கியிருந்த சூழலில், பேச்சின் ஏற்ற இறக்கங்களிலிருந்தே இசையைப் படைத்த முஸோர்க்ஸ்கியை மாணவனுக்கு அறிமுகப்படுத்தியவர் அவரே. ஓராண்டுப் பயிற்சிக்குப் பின், 1893இல் திஃப்லிஸ் ஓபராவில் ஷாலியாப்பின் அரங்கேறினார்.

தொனி என்னும் பாடம்

1895இல் பீட்டர்ஸ்பர்க் நகரின் அரச அரங்கமான மரீன்ஸ்கியில் இடம் கிடைத்தது. ஆனால் வெற்றி கிடைக்கவில்லை. தார்கோமீஷ்ஸ்கியின் 'ருசால்கா'வில் மகளுக்கு அறிவுரை கூறும் ஆலைக்காரனாகப் பாடியபோது அவை அசையவில்லை. ஏன் என்று நாடக நடிகர் மாமந்த் தால்ஸ்கியிடம் கேட்டார். பாடிக்காட்டச் சொல்லிக் கேட்ட நடிகர், சுரத்தில் குறையில்லை, தொனியில்தான் குறை என்றார். ஆலைக்காரன் சொத்தும் மதிப்பும் உடையவன். நீயோ சில்லறை வணிகன் முணுமுணுப்பதுபோல் பாடுகிறாய் என்பது அவர் கூற்றின் சாரம். பாடகன் ஒருவனுக்கு நடிகன் ஒருவன் தந்த இப்பாடம் அவர் வாழ்வின் திருப்புமுனை. சுரம் சரியாக இருக்கலாம். சொல் பொய்யாக இருக்கலாம்.

1896இல் மாஸ்கோ வணிகர் சவ்வா மாமந்தோவ் தம் தனியார் ஓபராவுக்கு அழைத்தார். அரச அரங்கின் ஒப்பந்தத்தை முறித்ததற்கான தண்டத்தொகையில் பாதியைத் தாமே ஏற்றார். அங்கு ஓவியர்கள் கொரோவின், செரோவ், வ்ரூபெல் ஆகியோரின் நட்பு வாய்த்தது. ரிம்ஸ்கி-கோர்சகவின் 'பிஸ்கோவ் நங்கை'யில் கொடுங்கோலன் இவான் மன்னனாக நடிக்க முற்பட்டார். ஓவியங்களிலும் சிற்பத்திலும் அம்மன்னனின் முகத்தைத் தேடிப் பயின்றார். எனினும் ஒத்திகையில், வாயிலில் நின்று உள்ளே வரலாமா என மன்னன் கேட்கும் மிகச் சிறிய தொடர் அவரை வாட்டியது. சூழ்ச்சியும் போலிப் பணிவும் உன் இவானிடம் உண்டு, அச்சந்தரும் இவானைக் காணோம் என்று மாமந்தோவ் சுட்டினார். அத்தொடரை அச்சுறுத்தும் தொனியில் கூறிய கணத்தில் பாத்திரம் முழுவதும் தமக்கு விளங்கிற்று என்கிறார் ஷாலியாப்பின். நாடகம் முழுமைக்கும் திறவுகோல் சில சொற்களின் தொனியில் இருந்தது என்பது இங்கு நோக்கத்தக்கது.

இருவர் தந்த கல்வி

1898ஆம் ஆண்டுக் கோடையில் முஸோர்க்ஸ்கியின் 'போரிஸ் கோதுனோவ்' ஓபராவைப் பயின்றார். புஷ்கினின் நாடகத்தைத் தழுவியது அது. பயிற்றியவர் அவரோடு ஒத்த வயதினரான இசைஞர் ரக்மானினவ். தன் பகுதியை மட்டும் மனப்பாடம் செய்வது பாடகர் வழக்கம். ஷாலியாப்பினோ பெண்பாத்திரங்கள் உட்பட அனைவரின் பகுதிகளையும் கற்றார். மேடையில் எதிரே நிற்பவன் என்ன சொல்கிறான் என்றறியாதவன் அதற்கு எப்படி மறுமொழி கூறுவான்?

மற்றொருவர் வரலாற்றறிஞர் கிளுச்செவ்ஸ்கி. போரிஸ் மன்னனைப் பற்றிக் கூறுமாறு வேண்ட, இருவரும் காட்டுவழியே நடந்தனர். மன்னனுக்கும் சூழ்ச்சிக்காரனான ஷூய்ஸ்கிக்கும் நடந்திருக்கக்கூடிய உரையாடலை அம்முதியவர் நடித்தே காட்டினாராம். குற்றவுணர்வால் சிதையும் ஒரு மன்னனின் துயரம் இவ்வாறு உருப்பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் அரங்கேறிய போரிஸ், அவர் வாழ்நாள் முழுவதும் பாடிய பாத்திரமாயிற்று. மனம் கலங்கிய மன்னன் மாயத்தோற்றம் கண்டு நடுங்கும் காட்சியில், பாட்டு எங்கே முடிந்து பேச்சு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாது.

உலக அரங்குகள்

1901இல் மிலான் நகரின் லா ஸ்காலாவில் பொய்தோவின் 'மெஃபிஸ்தோஃபெலே'யில் பாடினார். டொஸ்கானினி நடத்த, கருசோ உடன் பாடினார். காசு பெற்றுக் கைதட்டும் கூட்டத்தார் அவரை அணுகியபோது, கைதட்டலை விலைக்கு வாங்குவதில்லை எனத் துரத்திவிட்டார். வெற்றி அவர் பக்கமே நின்றது. 1907இல் நியூயார்க்கில் அவரது இயல்பு நடிப்பு நாகரிகக் குறைவாகக் கருதப்பட, மனம் கசந்து திரும்பினார். அதே நகரம் 1921இல் அவரைப் போற்றி வரவேற்றது. 1908இல் தியாகிலெவ் பாரிசில் நடத்திய 'போரிஸ்' ருஷிய ஓபராவை மேலை உலகுக்கு அறிவித்தது. 1910இல் மாஸ்ஸனே இயற்றிய 'டான் கிஷோட்', இவரைத் தலைவராகக் கொண்டு மாண்டி கார்லோவில் அரங்கேறியது.

கலைஞனும் அதிகாரமும்

சொல்லின் மெய்யை மேடையில் காத்தவருக்கு, மேடைக்கு வெளியே அது எளிதாயிருக்கவில்லை. 1911 ஜனவரியில், அரசர் பார்த்திருந்த 'போரிஸ்' நிகழ்ச்சியில், ஓய்வூதியம் வேண்டிக் கூட்டுப் பாடகர்கள் திடீரென மண்டியிட்டனர். மேடையில் இருந்த ஷாலியாப்பினும் மண்டியிட்டார். முற்போக்காளரான நண்பர்கள் அவரைத் துரோகி எனத் தூற்றினர். அவரைப் போலவே கசானில் வறுமையில் உழன்று உயர்ந்த மாக்சிம் கார்க்கியும் மனம் வருந்தினார். அவ்வாண்டே இருவரும் மீண்டும் கூடினர். ஷாலியாப்பின் சொல்லச் சொல்ல 1916இல் தன்வரலாறு உருவாக உதவியவரும் கார்க்கியே.

புரட்சிக்குப் பின் 1918இல் 'மக்கள் கலைஞர்' என்னும் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. 1922இல் வெளிநாடு சென்றவர் தாயகம் திரும்பவில்லை. பாரிசில் பசித்திருந்த ருஷிய அகதிக் குழந்தைகளுக்கு 5,000 பிராங்குகள் அளித்தார். அது அரசின் பகைவருக்கு அளித்த உதவி எனக் குற்றஞ்சாட்டி, 1927இல் அப்பட்டத்தைப் பறித்தனர். மண்டியிட்டதற்காக ஒரு சாராரும், குழந்தைகளுக்கு உணவளித்ததற்காக மற்றொரு சாராரும் தண்டித்தனர். 1938 ஏப்ரலில் பாரிசில் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். 1984இல் அவர் உடலெச்சம் மாஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1991இல் பட்டமும் மீண்டது. இரண்டையும் அறிய அவர் இல்லை.

நிறைவாக

தேவாலயப் பாடற்குழு, டெனர் ஒருவர், நாடக நடிகர், வணிகர், ஓவியர்கள், இசைஞர், வரலாற்றறிஞர் எனப் பலரே அவரது கல்லூரியாக விளங்கினர். பாஸ் குரல் இயற்கை தந்தது. அதைக் கொண்டு சொல்லுக்கு உயிர் தரும் ஆற்றல், கேட்டும் கண்டும் தோற்றும் பெற்றது. 1928இல் லண்டன் கோவென்ட் கார்டனில், நிகழ்ச்சியின்போதே பதிவு செய்யப்பட்ட 'போரிஸ்' பகுதிகள் இன்றும் கிடைக்கின்றன. ருஷிய மொழி அறியாதவரும் அம்மன்னனின் அச்சத்தை அவற்றில் உணரலாம். மெய்ப்பாடு பற்றித் தொல்காப்பியர் தனியே ஓர் இயல் வகுத்த மொழிக்கு உரியவர்கள் நாம். சொல் பொருளை உணர்த்துவதோடு நில்லாது உடலிலும் குரலிலும் தோன்றவேண்டும் என்பது நமக்குப் புதிதன்று.

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் கூட்டங்களில் கவிதைகள் வாய்விட்டுப் படிக்கப்பட்டு வருகின்றன. உரக்கப் படிப்பதே உணர்ச்சி எனக் கொள்வாரும், எழுதியதோடு கவிஞன் கடமை முடிந்தது எனக் கொள்வாரும் நம்மிடையே உண்டு. இரு சாராரும் தால்ஸ்கி கேட்ட கேள்வியைத் தம் கவிதையிடம் கேட்டுப் பார்க்கலாம்: இதைச் சொல்பவன் யார்? அவன் இப்படித்தான் சொல்வானா? விடை கிடைக்கும்வரை ஷாலியாப்பின் மேடையேறவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் நம் கவியரங்குகளும் அந்த விடையைத் தேடுமாயின், இம்மலருக்கு எழுதிய பயனை நான் அடைந்தவளாவேன்.